புளியரை ஏற்றத்தில் ரெபேக்காள்

ரெபேக்காள் சைக்கிள் வாங்கியதற்கு முதல் காரணம், அவளுக்கு ஆட்களோடு சேர்ந்து நடக்கப் பிடிக்காது என்பதுதான். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் காலையில் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். பாவூர்சத்திரத்தில் காலையில் நடக்கிற பெண்கள் கூட்டமாகத்தான் நடப்பார்கள். கால்களைவிட வாய் வேகமாகப் போகும். இரண்டு நாள் அவர்களோடு போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒருத்தி கேட்டாள்: "ஏக்கா, ஒங்க கொழுந்தன் கடைல இப்ப டைல்ஸும் போட்டிருக்காவளாம்லா. நீங்க போடலயா?"

ரெபேக்காள் பாதியிலேயே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறித் தென்காசிக்குப் போய், சுஹைப் வைத்திருக்கும் சைக்கிள் கடையில் ஒரு கியர் சைக்கிளைக் காட்டச் சொன்னாள்.

"அக்கா, இதுல கேரியர் கெடையாது, ஸ்டாண்டு கெடையாது, மட்கார்டு கெடையாது" என்றான் சுஹைப். எதையும் மறைக்காமல் சொல்லி விற்பது அவன் பாணி.

"பெறவு என்னதான்யா இருக்கு?"

"மிதிக்கதுக்கு எடம் இருக்கு. மீதி நீங்க பாத்துக்கிடணும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாங்கினாள்.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல யாரையாவது கேட்டால், கேட்கப்பட்டவர் கொஞ்சம் யோசிப்பார். கறாரானவள் என்பார்கள். சரக்கு சுத்தமாக இருக்கும் என்பார்கள். அதற்கு மேல் பேச்சு போகாது. கணவன் தவசிமுத்து இருந்தவரை பைப், பெயிண்ட், சிமெண்டுக் கடையின் கல்லாவில் அவன் உட்கார்ந்திருந்தான், அவள் குடோனைப் பார்த்துக்கொண்டாள். நெஞ்சுவலியில் அவன் போன பிறகு, அவன் தம்பி பென்னி வந்து, கடையைச் சேர்ந்து நடத்தலாம் என்று சொன்னான். அவள் முடியாது என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, முடியாது என்பதையே இன்னொரு தடவை சொன்னாள். பென்னி சாலைக்கு எதிர்ப்பக்கம் தனிக் கடை போட்டான்.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் வியாபாரம். அந்த ஐப்பசி மழையில் பென்னி கொத்தனார்களிடம் அண்ணியைப் பற்றி ஒரு பேச்சை விட்டான்: மைனி குடோனில் ஈரம் இறங்கிவிட்டது, மூட்டையெல்லாம் கெட்டிபட்டுக் கிடக்கிறது. ஒரு கொத்தனார்கூட வந்து மூட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. சொன்னது சொந்தக் கொழுந்தன் அல்லவா, பொய்யாக இருக்காது என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க அவள் கடைக்கு யாரும் சிமெண்டுக்கு வரவில்லை. ரெபேக்காளும் சும்மா இருக்கவில்லை. பென்னி கடைக்கு லாரி வரும் நேரம் பார்த்துத் தன் லோடு வண்டியை அவன் வாசலில் நிறுத்தி, டிரைவரைக் காப்பி குடிக்க அனுப்பினாள். அவன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். மனிதர்கள் நல்லதை மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கெட்டதை இவ்வளவு அக்கறையாக எப்படிப் பேணுகிறார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் அவள் தனியாகத்தான் சைக்கிள் விட்டாள். விடியுமுன் நாய்கள் துரத்தின. நாய்கள் இல்லாத இடத்தில் பைக்கில் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்து, கூடவே வந்து, என்னவெல்லாமோ கேட்டார்கள். சுஹைப்பிடம் இதைச் சொன்னபோது அவன், "நம்ம குரூப்புல வாங்கக்கா, சாரல் சைக்கிள் குரூப்பு. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆளுக எல்லாம் வருதாவ" என்றான். குழுவுக்குத் தலைவர் காந்திமதிநாதன், தென்காசியில் இன்சூரன்ஸ் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் பாதிப்பேர் என்பதால் நீண்ட பயணத்தைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்.

முதல் சனிக்கிழமை அவள் போய் நின்றபோது, கூட்டத்தில் பென்னி இருந்தான். அவனுக்கும் சர்க்கரை. அண்ணனும் தம்பியும் எதைப் பங்கு வைத்தார்களோ இல்லையோ, அந்த வீட்டில் சர்க்கரை எல்லோருக்கும் வந்தது. மருமகளாக வந்தவளையும் விடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மற்றவர் போய்விடுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். யாரும் போகவில்லை.

குழுவுக்கு நான்கு ரூட்டுகள். புதிதாக வருகிறவர்களுக்கு இலத்தூர் குளத்தைச் சுற்றி வரும் சமதளப் பாதை. அதற்குப் 'பால்வாடி' என்று பெயர். மத்தளம்பாறை வழியாகப் பழைய குற்றாலம், ஐந்தருவி, இலஞ்சி என்று தென்காசிக்குத் திரும்புவது அருவி ரவுண்டு. ஆலங்குளம் போய்த் திரும்புவது காற்று ரோடு. போகும்போது காற்று முதுகைத் தள்ளும். ஆனி, ஆடியில் திரும்பி வரும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். நான்காவது மலை. செங்கோட்டை தாண்டிப் புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி, கேரள எல்லைப் பலகை வரை. ரெபேக்காளுக்கு இதில் எந்த ரூட்டும் பிடித்திருந்ததாகச் சொல்ல முடியாது. சீசனில் எண்ணெய் வழியும் உடம்போடு ரோட்டின் குறுக்கே நடக்கிறவர்கள், வேனுக்குள்ளிருந்து பறந்து வரும் சாப்பாட்டுப் பொட்டலங்கள், அவற்றுக்குச் சண்டை போடும் குரங்குகள் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டேதான் மிதித்தாள். ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. சர்க்கரை இறங்கியது. கடையில் உட்கார்ந்திருக்கும் வாரம் முழுவதும் அவளுக்குச் சனிக்கிழமை மட்டுமே தன்னுடையதாக இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் பென்னி எடுத்துக்கொள்வான் என்ற பயம்.

காற்று ரோட்டில் திரும்பும்போது குழு ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டும். முன்னால் போகிறவர் காற்றை வாங்குவார். பின்னால் வருகிறவர்கள் அவர் முதுகில் ஒதுங்கி வருவார்கள். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருந்தவர் விலகிக் கடைசிக்கு வர, அடுத்தவர் காற்றை வாங்குவார். மனிதர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுகளில் இது பரவாயில்லாத ஒன்று. ஆனால் வரிசை சுற்றச் சுற்ற, ஏதோ ஒரு கட்டத்தில் ரெபேக்காளுக்கு முன்னால் பென்னி வந்துவிடுவான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்க அவளுக்கு மனம் வராது. வரிசையை விட்டு விலகித் தனியாகக் காற்றில் மிதிப்பாள். பின்தங்குவாள். குழு நின்று காத்திருக்கும்.

ஆடி பிறந்த பிறகு வந்த சனிக்கிழமை இப்படி அடிக்கடி நிற்க வேண்டியதாயிற்று. கடைசியில் எல்லோரும் ரோட்டோர டீக்கடை ஒன்றில் ஒதுங்கினார்கள். ரெபேக்காள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பென்னி டீயை ஆற்றிக்கொண்டே காந்திமதிநாதனிடம் சொன்னான்:

"மைனிக்கு நம்ம முதுகு புடிக்கல அண்ணாச்சி. காத்துதான் புடிச்சிருக்கு போல."

"காத்து பொய் சொல்லாதுல்லா" என்றாள் ரெபேக்காள். "சிமெண்டு கெட்டிபட்டுப் போச்சின்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியாதுல்லா."

டீக்கடைக்காரர்கூடக் கையை நிறுத்தினார்.

"ஏ, கடைப் பேச்ச கடையோட வச்சிக்கிடுங்க" என்றார் காந்திமதிநாதன். "இங்கன சைக்கிளு மட்டுந்தான்."

"நானும் சைக்கிளத்தான அண்ணாச்சி பேசுதேன். இவியளுக்காவ எத்தன எடத்துல நிக்க? லைன்ல வரமாட்டாவ. மலைக்குக் கூட்டிட்டுப் போனா ரெண்டாவது வளைவுலயே எறங்கி உருட்டுதாவ. உருட்டதுக்கு எதுக்கு சைக்கிளு, தள்ளுவண்டி போதும்லா."

"உருட்டுனது ஒரு தடவ. இனிம உருட்டமாட்டேன்."

"இனிம எப்ப மைனி? அடுத்த ஆடிக்கா?"

"வார சனிக்கெழம."

"கால் ஊணாமலா?"

"கால் ஊணாம."

"ஊணிட்டா?"

ரெபேக்காள் டீயை வாங்கவில்லை. "ஊணிட்டா நா குரூப்ப விட்டுப் போயிருதேன். ஊணாம ஏறிட்டா நீ போயிரணும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டியளா?" என்று பென்னி சுற்றிலும் பார்த்தான். "சரி மைனி."

சுஹைப் தலையில் கை வைத்தான். "அப்ப எப்படியும் எனக்கு ஒரு கஸ்டமர் போச்சா?"

மலையில் கால் ஊன்றாமல் ஏறுவதற்குக் குழுவில் ஒரு விதி உண்டு. எல்லைப் பலகைக்குச் சற்று முன்னால், சாலையோரம் கருப்பசாமி இருக்கிறார். மலையேறும் லாரி டிரைவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, காசு போட்டு, திருநீறு பூசாமல் தாண்ட மாட்டார்கள். நிற்காமல் போகும் டிரைவரோடு கிளீனர் வேலைக்குப் போக ஆள் கிடைக்காது. குழுவில் இருப்பவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். ஒருத்தருக்கு மாமா டிரைவர், இன்னொருத்தருக்கு அண்ணன். அதனால் சைக்கிளில் போனாலும் எல்லோரும் அங்கே இறங்கி நிற்பார்கள். அதைக் கால் ஊன்றியதாக எடுத்துக்கொண்டால் யாருமே மலை ஏறியதாகச் சொல்ல முடியாது. காந்திமதிநாதன் அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார்: "கருப்பன்ட்ட நிக்கது நின்னதாவாது." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செய்த ஒன்றைச் செய்யவில்லை என்று ஒரு கூட்டமே ஒப்புக்கொண்டால், அது செய்யப்படாததாகவே ஆகிவிடுகிறது. உலகத்தில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போன அந்த ஒரு தடவை, ரெபேக்காள் கருப்பசாமியிடம் பென்னி நின்றதைப் பார்த்திருந்தாள். ஞாயிறுதோறும் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவன். ஹெல்மெட்டைக் கழற்றி, தலை குனிந்து, மற்றவர்கள் எல்லாம் கும்பிட்டு முடித்த பிறகும் நின்றான். தண்ணீர் குடித்தான். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மூச்சு சீரான பிறகுதான் ஏறினான். கருப்பன்மேல் ரெபேக்காளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் கடையிலிருந்து ஆரியங்காவுக்கு லோடு போகும்போது, சாமிக்குப் போடச் சொல்லி டிரைவர் கையில் அவளே காசு கொடுத்திருக்கிறாள். ஆனால் பென்னி நின்றது சாமிக்காக இல்லை, முழங்காலுக்காக என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையா என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கொத்தனார்களும் கேட்கவில்லை அல்லவா.

அந்த வாரம் அவள் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, தினமும் விடிந்ததும் குற்றாலத்துக்குப் போய், ஐந்தருவி ஏற்றத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருவன், அவள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, கொஞ்சம் எண்ண தேச்சிக்கிடுங்க, வழுக்கிட்டு மேல போவும்" என்றான். "ஒம் மூஞ்சில தேச்சிக்கோலே" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த உற்சாகம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாரல் விழுந்துகொண்டிருந்தது. செங்கோட்டை தாண்டியதுமே மேற்கிலிருந்து காற்று. புளியரையில் எல்லோரும் கூடியபோது காந்திமதிநாதன் மெதுவாக, "ரெண்டு பேரும் இத விட்ருங்களேன். வயசுக்குத் தக்கன ஒரு பேச்சா இது?" என்றார். பென்னி அவளைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்தாள். அவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். பென்னி மட்டும் அவளுக்குப் பின்னால் வந்தான். காலைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா, நானே பார்க்கிறேன் என்றான்.

முதல் வளைவு எளிது. இரண்டாவதில், முன்பு இறங்கிய இடத்தில், ஒரு கல் லாரி உறுமிக்கொண்டு அவளை ஒட்டி ஏறியது. அதன் சக்கரத்திலிருந்து தெறித்த சேறு முகத்தில் விழுந்தது. துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் சாயும், துடைக்காமலே போனாள். எஸ் வளைவில் மேலிருந்து இறங்கிய பஸ், சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு ஹார்ன் அடித்தது. ஓடையோரச் சரளையில் இறங்கி, வழுக்கி, மறுபடி தாருக்கு ஏறினாள்.

"மைனி, கால் தொட்டுட்டா?" என்று பின்னாலிருந்து பென்னி கத்தினான்.

"ஒனக்குக் கண்ணு தெரியலியாலே?"

அதற்குப் பிறகு பேச மூச்சில்லை. கியர் இதற்கு மேல் குறையாது என்பது முன்பே தெரிந்துவிட்டது. தொடை கல்லாகிவிட்டிருந்தது. நேராக ஏற முடியாமல் சாலையில் இடமும் வலமுமாக அலைந்து ஏறினாள். சாரல் கண்ணில் அடித்தது. ஏதோ ஒரு மரத்தைக் குறிவைத்து அதுவரை மிதிப்பாள். பிறகு அதைத் திட்டிவிட்டு அடுத்த மரம். பின்னால் பென்னியின் சங்கிலிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனும் இளைத்துக்கொண்டுதான் வந்தான். அந்த இளைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

கருப்பசாமி தெரிந்தார். குழு முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது. காந்திமதிநாதன் நெற்றி நிறையத் திருநீறு. சுஹைப் மதகுக் கட்டையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்து குதித்தான்.

"அக்கா! வந்துட்டிய! எறங்குங்க, எறங்குங்க, இங்கன நிக்கலாம்!"

நிற்கலாம். இறங்கலாம். தண்ணீர் குடிக்கலாம். தொடையைத் தேய்த்துவிட்டுக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து எல்லைப் பலகை பார்வைக்குத் தெரிகிற தூரம்தான். இளைப்பாறிய காலுக்கு அது ஒன்றுமில்லை. பென்னி குழுவை விட்டுப் போவான். சனிக்கிழமைகள் அவளுடையதாக இருக்கும். அவளுடைய வலது கால் ஏற்கனவே மிதிகட்டையிலிருந்து பாதி விலகிவிட்டது.

அப்போது பின்னால் பென்னியின் கால் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. "அப்பாடா" என்றான்.

ரெபேக்காள் காலை மறுபடி மிதிகட்டையில் அழுத்தினாள்.

"அக்கா, எங்க போறிய?" சுஹைப்பின் குரல். "ஏ, நிக்காமப் போறாவ பாரு" என்று யாரோ உண்மையான கலக்கத்தோடு சொன்னார்கள். "மைனி! நில்லுங்க! இங்கன நின்னா கணக்கில்ல!" என்று பென்னியே கத்தினான். கத்திவிட்டு, தான் எதற்கு அதைச் சொல்கிறோம் என்று அவனுக்கே விளங்காமல் வாயை மூடிக்கொண்டான்.

எல்லைப் பலகையின் எழுத்துகளை அவளால் வாசிக்க முடிந்தது. மலையாளத்தில் எழுதியிருந்ததன் வடிவம்கூடத் தெரிந்தது. அங்கேதான் தொடை இழுத்துப் பிடித்தது. மிதிகட்டை மேலே வந்து நின்றுவிட்டது, கீழே போகவில்லை. சைக்கிள் ஒரு கணம் அந்தரத்தில் நின்று சாய்ந்தது. அவள் காலை ஊன்றினாள்.

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பென்னி அவளுடைய ஷூவைப் பார்த்தான். அது ஈரத் தாரில் முழுதாகப் பதிந்திருந்தது. அவன் சிரிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, கோபமாக இருந்தான்.

"கோயில்ட்ட நின்னிருந்தா ஏறியிருப்பியல்லா மைனி. யாரு என்ன சொல்லப்போறா?"

"தெரியும்."

"பெறவு என்னத்துக்கு?"

"அங்கன நீ நின்னல்லா."

பென்னியின் முகம் கறுத்தது. காந்திமதிநாதன் அவசரமாக நடுவில் வந்தார்.

"இங்க பாருங்க. அங்கன நிக்க வேண்டிய நிப்ப இவிய நிக்கல. அத இங்கன வந்து நின்னதா வச்சிக்கிடுவோம். சாமி எங்கயும் இருக்காருல்லா? கணக்கு சரியாப் போச்சி. ஏறுங்க, போவோம்."

பாதிப்பேர் தலையாட்டினார்கள். சுஹைப் பலமாகவே ஆட்டினான்.

"அண்ணாச்சி, ஊணுனது எங் காலு" என்றாள் ரெபேக்காள். "எனக்குத் தெரியாதா?"

"அவியளே சொல்லுதாவ" என்றான் பென்னி. "பெறவு நாம எதுக்கு இழுக்கணும்?" வேண்டாம் மைனி, இருங்க என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் இருந்திருக்க மாட்டாள். அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

அவள் செய்ததை நேர்மை என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்த வார்த்தையை அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட வேண்டியதில்லை. அவளை அந்தக் கோயிலைத் தாண்ட வைத்தது வெறுப்புதான். வெறுப்பு சில சமயம் ஒரு மனிதரை மற்றவர்கள் எல்லோரும் இறங்குகிற இடத்தில் இறங்கவிடாமல் செய்துவிடுகிறது. அதன் பெயர் என்னவாக இருந்தாலும், அதற்கான விலையை அவள் தள்ளுபடி கேட்காமல் கொடுத்தாள்.

"எம் பேர குரூப்புலேர்ந்து எடுத்திருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி எல்லைப் பலகை வரை நடந்தாள். அங்கே சைக்கிளைத் திருப்பி, யாரையும் பார்க்காமல், அவர்களைத் தாண்டி மலையிறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை விடியுமுன் இலத்தூர் குளத்துச் சாலையில் அவள் தனியாகப் போனாள். சைக்கிளின் நடுக் கம்பியோடு சேர்த்து, கடையிலிருந்து அறுத்து எடுத்த கனமான பிவிசி பைப் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தாள். கணக்குப்பிள்ளை கேட்டதற்கு நாய்க்கு என்றாள். குளக்கரை திரும்பும் இடத்தில் ஒரு பைக் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் வந்தது. ஓட்டி வந்தவன் வாயைத் திறந்தான். பிறகு பைப்பைப் பார்த்தான். அவள் அதைக் கட்டியிருந்த கயிற்றை ஒரு கையால் அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.